போர்வெல்லின் கிழக்குச் சுவர்

அன்புள்ள சாந்திபுரம் வாசகருக்கு,

குப்பத்திலிருந்து பலமநேர் போகும் சாலையில், மூன்று மாநிலமும் முட்டிக்கொள்ளும் அந்த மூலையிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் சுழன்று வடியும் என்ற கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீடியோவில் பார்த்ததையும் வீட்டு வாஷ்பேசினில் பார்த்ததையும் அருகருகே வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்க அதுதான் சரியான வழி.

வீடியோவை முதலில் முடித்துவிடலாம். கென்யாவில் நன்யுகி என்ற ஊர் நிலநடுக்கோட்டின் மேல் இருக்கிறது. ஓட்டை போட்ட பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்கு வடக்கே சில அடி நடந்தால் ஒரு பக்கமும் தெற்கே சில அடி நடந்தால் மறுபக்கமும் சுழல்கிறது என்று காட்டுவது அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் வித்தை. தண்ணீர் ஊற்றும் கை எந்தப் பக்கம், பாத்திரத்தோடு ஆள் எந்தப் பக்கம் திரும்பினார் என்று பாருங்கள், குட்டு உடைந்துவிடும். கோட்டிலிருந்து பத்தடி தள்ளி பூமிச் சுழற்சியின் இந்த விளைவு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேசினில் காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் வேறு பக்கமும் சுழல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பேசினை நம்புங்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த கோணமும், கை அலம்பிய விதமும், ஓட்டையில் சிக்கிய முடியும்தான் அங்கே திசையைத் தீர்மானிக்கின்றன.

அதற்காக அந்த விளைவே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபீரோ என்ற பேராசிரியர் ஆறடி அகலத் தொட்டியில் ஆறங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்த சிறு துளையைத் திறந்தார். கடைசி நிமிடங்களில் தண்ணீர் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இதையே செய்தபோது முள்ளின் பக்கமாகச் சுழன்றது. அவ்வளவு பொறுமை இருந்தால்தான் பூமி வாய் திறக்கும். அவர் இருந்தது 42 டிகிரி வடக்கில். நீங்கள் 13 டிகிரி பக்கம். உங்கள் ஊரில் இந்த விளைவின் பலம் அங்கே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

நகரும் பொருள் ஏன் பக்கவாட்டில் விலகுகிறது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லும் விளக்கம் இது. பூமி சுழலும்போது சாந்திபுரம் மணிக்கு சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. அச்சுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கும் டெல்லி சுமார் 1,470இல் போகிறது. இங்கிருந்து டெல்லியை நோக்கி நேராக எறிந்த பொருள், கூடுதலான அந்தக் கிழக்கு வேகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதால் டெல்லிக்கு வலப்பக்கம் போய் விழும். டெல்லியிலிருந்து இங்கே எறிந்தால் பின்தங்கி மேற்கே விழும். எறிந்தவர் தெற்கே பார்த்து நிற்கிறார் என்பதால் அதுவும் வலப்பக்கமே. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் எல்லாம் இடப்பக்கம்.

பல புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். இது பாதிக் கணக்கு. கிழக்கு மேற்காகப் போகும் பொருளும் வலப்பக்கமே விலகுவதை இது சொல்லாது. மீதிப் பாதிக்கு குப்பம் கங்கம்மா ஜாத்திரை ராட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையாகச் சுற்றும் ராட்டினத்தில் எதிரெதிரே இரண்டு பையன்கள் உட்கார்ந்து பந்து எறிகிறார்கள். கீழே நிற்கும் உங்களுக்குப் பந்து நேராகத்தான் போகிறது. பிடிக்க வேண்டியவன்தான் அதற்குள் நகர்ந்துபோய்விட்டான். மேலே இருக்கும் இருவரும் பந்து வளைந்தது என்று சத்தியம் செய்வார்கள். நாமெல்லாம் மேலே இருப்பவர்கள். பந்தை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நாம் நிற்கும் தரையும், நாம் வடக்கு என்று கை காட்டும் திசையும் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. துருவத்தில் தரை மணிக்கு 15 டிகிரி திரும்புகிறது. நிலநடுக்கோட்டில் திரும்புவதே இல்லை. சாந்திபுரத்தில் மணிக்கு சுமார் 3.3 டிகிரி. உங்கள் வீடு, மாட்டுக்கொட்டகை, தக்காளித் தோட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

1835இல் இதற்குக் கணக்கு எழுதிய பிரெஞ்சுக்காரர் காஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸின் மனத்தில் காற்றும் இல்லை, புயலும் இல்லை. சுழலும் இயந்திரங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். வானிலைக்காரர்கள் பின்னால் வந்து அவர் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இது எவ்வளவு சின்ன விஷயம் என்பதைப் பார்த்தால்தான் அடுத்து வருவது விளங்கும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து, பிட்சைக் கடக்கும் அரை விநாடியில் உங்கள் ஊரில் 0.16 மில்லிமீட்டர் விலகும். பந்தின் ஸ்விங்குக்கு பூமியைக் காரணம் சொல்லும் நண்பர் இருந்தால் இந்த எண்ணைக் காட்டுங்கள். குப்பம் ஸ்டேஷன் வழியாக 110இல் போகும் ரயிலில் 50 டன் பெட்டி ஒன்றை இது வலப்பக்கம் தள்ளும் அளவு ஐந்து கிலோ எடைக்குச் சமம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஆறு கிராம். வலப்பக்கத் தண்டவாளம் சீக்கிரம் தேயும் என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று வந்தால் போதும், அது தள்ளுவது இதைப் போல் ஆயிரம் மடங்குக்குக் கிட்டே.

ஆனால் போர்வெல் வேறு கதை. உங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி போர் போடுவது இப்போது சாதாரணம். போர் வண்டி வந்து, கேசிங் பைப் இறக்கி, ஆறரை இன்ச் பிட்டில் இரவெல்லாம் புழுதி பறக்க ஓட்டி, கடைசியில் தண்ணீர் வராமல் போன குழிகளும் ஏராளம். அப்படி ஒரு காய்ந்த குழி, நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது என்றும் உள்ளே காற்றே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இரண்டுமே நடக்காது. சரியாக நடுவில் ஒரு கோலிக்குண்டை விட்டால் அது செங்குத்தாக விழாது. மேலே இருக்கும் வாய், பூமியின் மையத்திலிருந்து கொஞ்சம் கூடுதல் தூரத்தில் இருப்பதால், அடியைவிடத் துளி வேகமாகக் கிழக்கே போகிறது. குண்டு அந்த வேகத்தோடுதான் இறங்கும். ஆயிரம் அடி ஆழத்தில் கிழக்கே 11 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். குழியின் நடுவிலிருந்து சுவர் எட்டு சென்டிமீட்டர்தான். ஆகவே குண்டு அடியைத் தொடாது, எண்ணூறு அடி வாக்கில் கிழக்குச் சுவரில் மோதிவிடும். ஐம்பதடிக் கிணற்றில் இதே விலகல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆழம் இருபது மடங்கு ஆனால் விலகல் இருபது மடங்கு ஆவதில்லை, கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு ஆகிறது. நேரம் கூடக்கூட இது வட்டிக்கு வட்டி போட்டு வளர்கிறது.

இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. 1831இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஃபெர்டினாண்ட் ரைக் என்பவர் 158 மீட்டர் ஆழச் சுரங்கத்தில் குண்டுகளைத் திரும்பத் திரும்ப விட்டு அளந்தார். சராசரியாகக் கிழக்கே 28 மில்லிமீட்டர் வந்தது. உங்களுக்கு எதற்கு ஃப்ரைபெர்க்? பக்கத்திலேயே கோலார் தங்க வயல் இருக்கிறது. 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்கள் தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனவை. அங்கே ஒரு கிலோமீட்டர் செங்குத்துக் குழியில் எதையாவது தவறவிட்டால், காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், கிழக்கே 68 சென்டிமீட்டர். கூண்டில் தினமும் இறங்கி ஏறிய எத்தனையோ தமிழ்க் குடும்பத்துத் தொழிலாளிகளுக்கு இதைப் பற்றிக் கவலைப்படக் காரணம் எதுவும் இருந்திருக்காது. கவலைப்பட அவர்களுக்கு வேறு நிறைய இருந்தது.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியம்: உங்கள் மழை.

பந்துக்கு அரை விநாடி, கோலிக்குண்டுக்கு ஏழெட்டு விநாடி. காற்றுக்கு நாள் கணக்கில் அவகாசம் இருக்கிறது. உங்கள் அட்சரேகையில் எதுவும் தடுக்காத காற்று மணிக்கு ஆறேழு டிகிரி வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். ஆறு மணி நேரத்தில் நாற்பது டிகிரி. ரயிலில் ஆறு கிராம் என்று சிரித்துவிட்டு விட்டோமே, அதே விளைவுதான். பூமி சுழலாமல் இருந்தால் கோடையில் தெற்கேயிருந்தும் குளிரில் வடக்கேயிருந்தும் நேராகக் காற்று வந்திருக்கும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து வடக்கே கிளம்பும் காற்று நிலநடுக்கோடு வரைக்கும் இடப்பக்கம் சாய்ந்து வந்து, கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்று ஆகிறது. வடக்கேயிருந்து இறங்குவது வலப்பக்கம் சாய்ந்து வடகிழக்குப் பருவக்காற்று ஆகிறது. முதலாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு உங்கள் மேட்டு நிலத்துக்கு வருகிறது. இரண்டாவது வங்கக் கடலின் மேல் வருவதால் ஈரத்தோடு வருகிறது.

பிறகு புயல். எல்லாரும் குழம்பும் இடம் இது. காற்று வலப்பக்கம் திரும்பும் என்றால் வங்கக் கடல் புயல் ஏன் இடஞ்சுழியாக, முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது? காற்று தாழ்வின் மையத்தை நோக்கி நாலா பக்கத்திலிருந்தும் ஓடுகிறது. ஒவ்வொன்றும் வலப்பக்கம் விலகுவதால் எதுவும் மையத்தில் போய்ச் சேர்வதில்லை. மையத்தைத் தன் இடக்கைப் பக்கம் விட்டுவிட்டுத் தாண்டிப் போகிறது. தாழ்வு அதை மறுபடி உள்ளே இழுக்கிறது, அது மறுபடி விலகுகிறது. எல்லாக் காற்றுக்கும் மையம் இடக்கைப் பக்கம் என்றால், மொத்தமாக அது இடஞ்சுழியாகத்தானே சுற்றும்? காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து நாலு அம்பு போட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து உங்கள் மொட்டை மாடியில் நின்றே செய்யக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. 1857இல் டச்சுக்காரர் பைஸ் பலோட் சொன்ன விதி. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது இப்படி நின்றால் இடக்கை கிழக்கே, வங்கக் கடலைக் காட்டும். தாழ்வு இன்னும் கடலில் இருக்கிறது. காற்று தெற்கேயிருந்து வீச ஆரம்பித்தால் இடக்கை மேற்கே காட்டும். அது உங்களைத் தாண்டிப் போய்விட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் நடுப்பகுதி சென்னையைக் கடந்தபோது, ஒரு பக்கமிருந்து அடித்த காற்று சற்று நேரம் ஓய்ந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. முதல் காற்றில் தப்பித்த மரங்கள் சில இரண்டாவதில் சாய்ந்தன. உங்கள் ஊர் மேட்டில் மலைகள் காற்றைத் திருப்பிவிடும் என்பதால் லேசான காற்றில் இதைச் செய்து பார்த்து என்னைத் திட்டாதீர்கள். நல்ல புயல் காற்றாக இருக்க வேண்டும்.

2021 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். 19ஆம் தேதி விடியற்காலையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பலமான புயல் கூட இல்லை. ஆனால் அதற்கு முந்தைய நாளிலிருந்தே திருப்பதி வெள்ளக்காடானது, திருமலைப் பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்தன, கடப்பா பக்கம் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணை உடைந்தது. தமிழ்நாட்டுக் கரையில் கடந்ததற்கு ஆந்திராவில் ஏன் இந்த அழிவு? மையத்துக்கு வடக்கே காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று உங்கள் அம்புப் படத்தில் பாருங்கள். கிழக்கேயிருந்து, கடலிலிருந்து நேராக. அந்த ஈரக்காற்று சேஷாசல மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டியது. மையத்துக்குத் தெற்கே காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். புயல் கடந்த இடத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் பல சமயம் மேகத்தைப் பார்த்துவிட்டு ஏமாறுவது இதனால்தான். அதே சில நாள்களில் உங்கள் குப்பம் வழியாக வரும் பாலாறும் வேலூரில் இரு கரையும் தொட்டு ஓடியது.

வடக்கே மழை, தெற்கே ஏமாற்றம் என்ற இந்த விதியை நம்பிப் பந்தயம் கட்டிவிட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது பாபட்லா பக்கத்தில். ஆனால் அதற்கு முன்பே, கடலில் நின்றபடியே, சென்னையை மூழ்கடித்துவிட்டது. மலை, கடல் சூடு, மெதுவாக நகரும் புயல் என்று வேறு கைகளும் உண்டு. சுழலும் திசையை மட்டும் பூமி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் சுழற்றிவிட அங்கே ஆள் இல்லை. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, வெறும் ஒன்றரை டிகிரி வடக்கில், வாமெய் என்ற புயல் உருவானபோது வானிலைக்காரர்கள் திகைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் அளக்கும் இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் வரும் வழியில் காதங்கி. தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ராடார் அங்கே, மலைகளுக்கு நடுவில், 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் நிற்கிறது. சுழலும் கிண்ணத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பழைய வீட்டு மாடிகளில் இருந்த டிவி ஆன்டெனா போன்றவற்றை வானத்தைப் பார்க்கத் திருப்பி, 1,024 இடத்தில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே போகும் காற்றின் வேகத்தையும் திசையையும் அடுக்கடுக்காக அது அளக்கிறது. அங்கிருந்து பலூனும் விடுகிறார்கள். ஆடி மாதத்தில் விடும் பலூன் முதலில் தென்மேற்குப் பருவக்காற்றோடு கிழக்கே போகும். ஏழெட்டு கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் மனம் மாறி மேற்கே திரும்பும். அங்கே மேலே கிழக்கேயிருந்து ஒரு காற்று ஆறாகப் பாய்கிறது. கோடையில் சூடான திபெத் பீடபூமிக்கு மேலிருந்து காற்று தெற்கே வழிகிறது. வழியும்போதே வலப்பக்கம் திரும்பி மேற்கு நோக்கி ஓடுகிறது. 1950களில் இதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவர். 15 கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட உங்கள் அட்சரேகைக்கு நேர் மேலேதான் இது மிக வேகமாக ஓடுகிறது.

கடைசியாக, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. டெல்லியில் புதிய நாடாளுமன்றத்தில் 22 மீட்டர் உயரத்திலிருந்து 36 கிலோ குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டுகிறார்கள். 1851இல் பாரிஸில் ஃபூக்கோ செய்து காட்டிய ஊசல்தான். ஊசல் தன் தளத்தை மாற்றாது, தரை அதன் கீழே திரும்பும். டெல்லியில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். சாந்திபுரத்தில் சுமார் நாலரை நாள். முழுச் சுற்று பார்க்க வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும்.

பள்ளியில் ஷாட்புட் குண்டு இருக்கும். லேத் பட்டறையில் சொல்லி அதன் தலையில் நடுப்புள்ளியில் ஒரு சிறு கொக்கி பற்றவையுங்கள். கல்யாண மண்டபமோ நெல் குடோனோ, ஆறு ஏழு மீட்டர் உயரம் உள்ள இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், கதவைச் சாத்துங்கள். கையால் தள்ளிவிடக் கூடாது. குண்டை ஒரு மீட்டர் போல ஒதுக்கி நூலால் கட்டி, அது அசைவற்று நின்ற பிறகு நூலைத் தீக்குச்சியால் எரியுங்கள். அது ஆடும் கோட்டைத் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனாலும் கோடு முள்ளின் பக்கமாக ஆறேழு டிகிரி நகர்ந்திருக்க வேண்டும்.

மேலே கம்பி பிடிபட்டிருக்கும் இடம் ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்ச்சி என்று இருந்தால் அதுவே ஊசலைத் திருப்பிவிடும். ஆகவே ஒரு முறை வடக்கு தெற்காகவும் இன்னொரு முறை கிழக்கு மேற்காகவும் விடுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு திரும்பினால் திருப்பியது பூமி. வேறுவேறாகத் திரும்பினால் மேலே இருக்கும் பிடியைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்